கம்ப்யூட்டருக்கு ஒரு ஜோடிச் செருப்பு

போன வருஷம் தீபாவளி முடிந்து, மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த சமயம் அது. அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். நான், என் கணவர், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த எங்கள் பெண். எனக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே கோளாறு இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் சொந்த வீட்டுக் கோளாறை முன்பின் தெரியாத ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கேமிங் கம்ப்யூட்டர் என்று சொன்னாலே எல்லோரும் என் கணவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மனிதருக்கு மொபைலில் சீட்டாட்டம் ஆடத் தெரிந்தாலே அதிகம். கேம் பைத்தியம் நான்தான். விருதுநகரில் கல்லூரி ஹாஸ்டலில் தொற்றிக்கொண்டது, கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை, பிரசவத்துக்குப் பிறகும் விடவில்லை. பாப்பா தூங்கிய பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் நான் நானாக இருப்பது அந்தத் திரைக்கு முன்னால்தான். ஆகவே தீபாவளிக்குப் பட்டுப்புடவை வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டும் என்று அடம்பிடித்தேன். பக்கவாட்டில் கண்ணாடியும் உள்ளே கலர் விளக்கு எரியும் விசிறிகளுமாக ஒரு பெரிய இரும்புப் பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பாப்பாவுக்கு அந்த விளக்குகள் என்றால் உயிர். சோறு ஊட்டுவதானால் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்த்தி, திரையில் பாட்டுப் போட்டுவிட்டால் போதும், தட்டு காலியாகிவிடும்.

அந்தப் பெட்டி ஷாக் அடிக்கும். ஷாக் என்று பெரிதாகச் சொல்லக் கூடாது, வெறுங்காலோடு தொட்டால் விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே வைத்திருந்த பழைய பெட்டியும் அப்படித்தான் அடித்தது. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனரிடம் சொன்னதற்கு, "அது ஒண்ணியும் இல்லம்மா, எர்த்து கொஞ்சம் வீக்கு. செருப்பு போட்டுகினு உக்காரு, ஒண்ணும் ஆவாது. எங்க பசங்க எல்லாம் அப்டிதான்" என்றார். நானும் சரியென்று ஒரு நீலக்கலர் ரப்பர் செருப்பு வாங்கி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் வாசல்படி தாண்டிச் செருப்பு உள்ளே வரக் கூடாது. இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் விசா உண்டு என்று என் கணவர் கிண்டல் செய்வார். ஆபீசில் விசாரித்தால், காட்டுப்பாக்கத்திலிருந்து வருகிற பெண் வீட்டிலும் கம்ப்யூட்டருக்கென்று ஒரு ஜோடி இருக்கிறது, ஐயப்பன்தாங்கல் பையன் வீட்டில் கால்மிதி. யாரும் இதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

பெட்டி வந்துவிட்டதே தவிர, அதில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட அப்போது முடியவில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், திரையில் படம் வரைவதற்கென்றே உள்ளே மாட்டுகிற தனிப் பலகை அது. அது இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் நான் ஆட நினைத்த கேம்கள் மாட்டுவண்டியில் போவது போலத்தான் நகரும். கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுகிறவள் நான். இதற்கு விடுவேனா? பச்சைக் கம்பெனியா சிவப்புக் கம்பெனியா, மெமரி குறைந்த புதுசா மெமரி கூடின பழசா, என் சின்ன மானிட்டருக்கு எது போதும், எதை வாங்கினால் பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றத் தேவையில்லை என்று சாப்பாட்டு இடைவேளை முழுக்க இதே ஆராய்ச்சி. கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்கு ஒரு சனிக்கிழமை போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் மனசுக்குப் பிடித்த கார்டு எது என்று முடிவாகிவிட்டது. புதுசாக வாங்கக் கட்டுப்படியாகாது என்பதும் முடிவாகிவிட்டது.

பழைய சாமான் விற்கும் ஒரு ஆப்பில் தேடியபோதுதான் அதே கார்டு கண்ணில் பட்டது. ஆவடி முகவரி. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பில் இருக்கிறது, வாரண்டி இருக்கிறது, விலையோ கடை விலையில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. ஆனால் அந்த விளம்பரம் மாசக்கணக்கில் அங்கேயே கிடந்தது. என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. இவ்வளவு நல்ல சரக்கு இந்த விலைக்கு ஏன் போகாமல் கிடக்கிறது? எங்கேயோ இடிக்கிறதே! விளம்பரம் போட்ட பையனிடம் கேட்டேன். கார்டு தன்னுடையது இல்லை, நண்பனுடையது, இப்போது நண்பனின் அம்மாவிடம் இருக்கிறது என்றான். "நேர்ல போய்ப் பாருங்க அக்கா. அவங்க உங்களை ஒரு கேள்வி கேப்பாங்க. அதுக்கு அப்புறம் தர்றதும் தராததும் அவங்க இஷ்டம்" என்று பதில் வந்தது.

கார்டு வாங்கப் போனால் நேர்முகத் தேர்வா என்று எனக்குச் சிரிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாப்பாவைக் கணவரிடம் விட்டுவிட்டு, "சோறு ஊட்டிருங்க, நான் வந்துர்றேன்" என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆவடியில் பருத்திப்பட்டு தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெரு. கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்துக் கட்டிய வீடு என்று பார்த்தாலே தெரிந்தது, முன்பக்கம் பூச்சு, பக்கத்துச் சுவர் இன்னும் வெறும் செங்கல். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் வேலை. வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த கார்டை இரண்டு கையாலும் எடுத்து வந்து என் மடியில் வைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விசிறிகளில் ஒரு பொட்டுத் தூசி இல்லை, திருகாணி எதுவும் கழற்றப்பட்ட அடையாளம் இல்லை. புதுசு மாதிரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஆனால் பேரம் பேசுகிறவள் முகத்தில் அதைக் காட்டுவாளா? "கொஞ்சம் பழைய மாடல்தான் அக்கா" என்று ஆரம்பித்தேன்.

அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"ஒங்க ஊட்ல பொட்டி ஷாக் அடிக்குமாம்மா?"

இதுதானா அந்தக் கேள்வி என்று சிரித்தேவிட்டேன். அறையின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் மேஜை இருந்தது. மேலே ஒன்றும் இல்லை, வெறும் மேஜை. அதன் அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதைப் பார்த்ததும், நம்ம கேஸ்தான் என்று எனக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. "லேசா அடிக்கும் அக்கா. எல்லார் வீட்லயும் அடிக்கிறதுதானே? எங்க வீட்லயும் இதே மாதிரி ஒரு ஜோடி செருப்பு வச்சிருக்கோம்" என்று அந்த மேஜையைக் காட்டிச் சொன்னேன். அந்த வீட்டில் மாலை போட்ட படம் எதுவும் மாட்டியிருக்கவில்லை. மாட்டியிருந்தால் வாயைத் திறக்கும் முன் யோசித்திருப்பேன்.

அவர் கை நீட்டி என் மடியிலிருந்த கார்டை எடுத்துக்கொண்டார். மறுபடி துண்டில் சுற்றினார்.

"வர்றவங்க எல்லாம் இத்தயேதான் சொல்றாங்க. சிரிச்சிகினே சொல்றாங்க" என்றார். பிறகு, "ஊட்ல யாரெல்லாம் கீறீங்க?" என்று கேட்டார்.

நானும் வீட்டுக்காரரும் இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிற ஒரு பெண் குழந்தையும் என்றேன்.

"கொயந்தைக்கும் செருப்பு வாங்கி வச்சிருக்கியாம்மா?"

அவர் குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவருடைய ஒரே மகன். டிப்ளமா முடித்துவிட்டு, கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, என்னைப் போலவே பார்த்துப் பார்த்து, விசாரித்து விசாரித்து, இந்தக் கார்டை வாங்கி மாட்டியிருக்கிறான். அந்த வீட்டுப் பெட்டியும் சுருக் சுருக்கென்று அடித்திருக்கிறது. அங்கேயும் யாரோ செருப்பு போட்டுக்கொள் என்று சொல்ல, அவனும் ஒரு ஜோடி வாங்கி மேஜைக்கு அடியில் போட்டுக்கொண்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் காலம். எல்லா வெள்ளியும் போல அந்த அம்மா வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அன்றைக்கு வீட்டுக்குள் செருப்பு கிடக்கக் கூடாது என்று, மேஜைக்கு அடியில் இருந்ததையும் எடுத்துப் போய் சோப்பு போட்டுக் கழுவி மாடியில் காய வைத்தார். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோக, மோட்டாரைப் போட்டுவிட்டார். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மகன் அப்போதுதான் எழுந்தான்.

"மா, செருப்பு எங்கன்னான். மேல காயுது, இருடா, எட்த்தாறேன்னேன். பரவால்லம்மா, ஆன் பண்ணிட்டு வந்துர்றேன், நீ டீ போடுன்னான். நானும் டீ போடப் போய்ட்டேன்."

அழவில்லை. துண்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்து பார்த்தவர்கள் காரணம் சொல்லியிருக்கிறார்கள். வீடு கட்டும்போது சொந்தக்காரர் ஒருவர் ஒத்தாசையாக வயரிங் செய்து கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பிளக்கிலும் மேலே பெரிதாக ஒரு மூன்றாவது ஓட்டை இருக்கிறதே, அதையெல்லாம் ஒரே கம்பியில் கோத்துவிட்டு, அந்தக் கம்பியைப் பூமியில் இறக்காமலே விட்டுவிட்டார். அன்றைக்கு மோட்டாரில் ஏதோ பழுதாகி, அதில் கசிந்த கரண்ட் போக இடமில்லாமல் அதே கம்பி வழியாக வந்து கம்ப்யூட்டர் பெட்டியில் நின்றிருக்கிறது. கீழே ஈரத்தரை. அவன் வெறுங்காலோடு பட்டனை அழுத்தப் போனான். பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். கார்டை மட்டும் நண்பன் கழற்றிக் கொடுத்து, இது நல்ல சாமான், அவன் ஆசையாக வாங்கியது, யாராவது ஆடட்டும் என்று சொல்லியிருக்கிறான்.

"கோளாறு வயரிங்ல இருந்துச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா" என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாரும் அப்டிதான் சொல்றாங்க. செருப்ப எட்த்தது யாரு?" என்றார். பிறகு, "இப்ப எங்க ஊட்ல எர்த்து போட்டாச்சு. யாருக்குன்னு போட்டோம்னு தெர்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மத்தியான நேரம். என் வீட்டில் இந்நேரம் பாப்பாவுக்குச் அவர் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பெட்டிக்கு முன்னால். தரையில் சிந்திய தண்ணீர், ரசம், எச்சில் கை, எல்லாமாக. உடனே கணவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "போம்மா, போ. மொதல்ல ஊட்டுக்குப் போ" என்று என்னைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

அயப்பாக்கம் வழியாக வீட்டுக்கு வருகிற அந்தப் பாதையை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். மழைக்குக் குண்டும் குழியுமாகக் கிடக்கும். அன்றைக்கு எந்தக் குழியில் விழுந்தேன், எதில் எழுந்தேன் என்று தெரியாது. வண்டியை ஓரம் கட்டிப் போன் போடுவேன், எடுக்கமாட்டார், மறுபடி கிளம்புவேன். தூறல் வேறு. கீழ்வீட்டு ஓனருக்கும் போட்டேன், அவரும் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நடுநடுவே என் மனசு அந்தக் கார்டையும் நினைத்தது. அந்தக் கார்டு வேண்டாம், எந்தக் கார்டும் வேண்டாம், என் பெண்ணை மட்டும் விட்டுவிடு என்று சின்னப் பிள்ளை மாதிரி பேரம் பேசிக்கொண்டே வந்தேன்.

மாடிப்படி ஏறியபோது பாட்டுச் சத்தம் கேட்டது. திரையில் குழந்தைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா ஜட்டியோடு, வெறுங்காலோடு, சிந்திய தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே சுற்றுகிற கலர் விசிறியைப் பிடிக்க வேண்டும் என்று பெட்டியின் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டித் தட்டிச் சிரித்தாள். கணவர் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். போன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. கண்ணாடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளினால் இரும்பு. கத்தினால் அவள் பயந்து அதைப் பிடித்துக்கொள்வாளோ என்று எனக்குக் கத்தவும் பயம். மெதுவாகப் போய், அவளைத் தொடாமல், சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். விளக்குகள் அணைந்தன, பாட்டு நின்றது. அவள் வீரிட்டு அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன். கணவர் ஈரக்கையோடு ஓடிவந்து, யார் செத்துப்போனார்கள் என்று கேட்டார்.

ஆவடியில் ஒரு பையன் என்றேன்.

மறுநாள் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தோம். மூன்றாவது ஓட்டையின் கம்பியைத் தேடிக்கொண்டே போனவர், கீழே மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றார். கம்பி அங்கே முடிந்திருந்தது. நுனியில் டேப் சுற்றி, மேலே சுவரோடு சேர்த்துப் பெயிண்டும் அடித்திருந்தார்கள். இப்போதைக்குக் கீழே எந்த மெஷினும் பழுது இல்லை, அதனால்தான் லேசாக அடித்தது, என்றைக்காவது ஒன்று பழுதானால் என்று சொல்ல வந்தவர், பாப்பாவைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். ஹவுஸ் ஓனர், "இத்தினி வருசமா யாருக்கும் ஒண்ணும் ஆவலியேம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆவடியில் ஒரு வீட்டில் மேஜை காலியாகக் கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டேன். பாவம், கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சாயங்காலமே காம்பவுண்டு ஓரத்தில் குழி வெட்ட ஆள் வந்துவிட்டது. கரியும் உப்பும் போட்டுக் கம்பி இறக்கினார்கள். கசிவு வந்தால் தானாக அணைந்துவிடுகிற சுவிட்ச் ஒன்றும் கீழும் மேலும் போட்டாயிற்று.

எல்லாம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. கார்டுக்காக இல்லை, சொல்லத்தான், விளம்பரம் போட்ட பையனிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். கேட்டுவிட்டு, "ஆளு சொன்னா ஆச்சாம்மா? நான் வந்து பாக்கறேன்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து, ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து பெட்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு, கொஞ்சம் தண்ணி கொண்டா என்றார்.

குடிக்கத்தான் கேட்கிறார் என்று சொம்பில் கொண்டுவந்தேன். வாங்கி, பெட்டிக்கு முன்னால் தரையில் ஊற்றிக் காலாலேயே பரப்பினார். "மோட்டார் போடச் சொல்லு" என்றார். எனக்கு அப்போதுதான் அவர் என்ன செய்யப் போகிறார் என்று புரிந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டோம் அக்கா, நீங்கள் தொட வேண்டாம், நான் தொட்டுக் காட்டுகிறேன் என்று கையைப் பிடித்தேன். என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"நீ கொயந்தய தூக்கிகினு தள்ளி நில்லு. எனக்கு இன்னா ஆனா இன்னாம்மா?"

கீழே மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, உள்ளங்கையை விரித்து, அந்த இரும்பின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. என் கணவர் சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றார். பாப்பா என் தோளிலிருந்து அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். மகனின் தோளில் கை வைத்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. "ஒண்ணுமே இல்ல" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. "ஒண்ணுமே இல்லியேடா. இவ்ளோதானேடா" என்று மறுபடி சொன்னார். அந்த 'டா' எங்களுக்குச் சொன்னதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்த ஈரத்திலேயே, பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆவடியில் அவர் அழாததையெல்லாம் எங்கள் வீட்டில் வந்து அழுத மாதிரி இருந்தது. நாங்கள் யாரும் தேற்றப் போகவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?

எழுந்தபோது முந்தானையால் தரையைத் துடைக்கப் போனார். நான் விடவில்லை. துணிப்பையிலிருந்து கார்டை எடுத்து, துண்டைப் பிரித்து, என்னிடம் கொடுத்தார். சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சாமான் அதுதான். துண்டை மட்டும் மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். டீ போதும் என்றார். டீ வருவதற்குள், டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

போகும்போது மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். எங்கள் நீலச் செருப்பு இன்னும் அங்கேயே கிடந்தது. "இத்த தூக்கி வெளிய போடும்மா" என்றார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் போட்டுவிட்டேன். அவர் வீட்டு மேஜைக்கு அடியில் கிடக்கும் அந்த ஜோடியைப் பற்றிக் கேட்க எனக்கு அப்போதும் தைரியம் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

கார்டு நன்றாக ஓடுகிறது. ஆபீசில் கேட்கிறவர்களெல்லாம், இந்த விலைக்கு இந்தக் கார்டா, அடிச்சது பாரு லக்கி பிரைஸ் என்று பொறாமைப்படுகிறார்கள். அவர்களிடம் நான் பதிலுக்கு ஒரே கேள்விதான் கேட்கிறேன், ஆவடியில் என்னிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி. பாதிப் பேர் என்னைப் போலவே சிரித்துக்கொண்டு, லேசாத்தான் அடிக்கும் என்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடிவதில்லை. லேசாத்தான் என்று யார் சொன்னாலும், அம்மா டீ போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மொட்டைமாடி வெயிலில் சுத்தமாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு ஜோடிச் செருப்புதான் இன்றைக்கும் என் கண்முன் வந்து நிற்கிறது.